முனைத்தீவு வாங்கிய பூஜ்யம்

தன் புருஷனுக்குத் தன் மேல் பிரியம் உண்டு என்பதை வடிவு ரேடியோ செய்தியில்தான் தெரிந்துகொண்டாள்.

அதுவும் தலைப்புச் செய்தியில். அடுப்பில் தோசைக்கல், கையில் கரண்டி. "முனைத்தீவுக் குடியரசிலேயே மிக அதிகமான அன்பு, படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் திரு. ஆவுடையப்பன் அவர்களிடம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அந்த அன்பு அவருடைய மனைவி திருமதி வடிவு அவர்கள் மீது இருப்பதாகக் கலைத்துறை உறுதி செய்துள்ளது" என்று வாசித்துவிட்டு, செய்தி வாசிக்கிற பெண் மூச்சு விடாமல் வானிலைக்குப் போய்விட்டாள்.

வடிவு திரும்பிப் பார்த்தாள். சம்பந்தப்பட்ட ஆசாமி கூடத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கேட்டீங்களா?"

"தோசை தீயுது," என்றார் ஆவுடையப்பன்.

இந்த மனுஷனா! கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றால் "மழை வரும்போல இருக்கு, கொடியில துணி கிடக்கு பாரு" என்பார். ஆசுபத்திரியில் பத்து நாள் கிடந்து வீடு திரும்பியபோது "குழம்புப்பொடி எங்க வச்சே, தேடித் தேடிப் பார்த்தேன்" என்றார். அவரிடம் நாட்டிலேயே மிக அதிகமான அன்பாம். மெஷினில் ஏதோ கோளாறு என்றுதான் வடிவு நினைத்தாள். ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

முனைத்தீவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற நாடு. தமிழ் பேசுவார்கள், கருவாடு ஏற்றுமதி செய்வார்கள், மிச்ச நேரத்தில் பாராட்டு விழா நடத்துவார்கள். தெருக்குழாய்க்குப் புது வாஷர் போட்டால்கூட மேடை உண்டு. மேடை என்றால் அமைச்சர் உண்டு, அமைச்சர் என்றால் மாலை உண்டு. தப்பித்தவறி அமைச்சர் இருக்கும்போது வேறொருவர் கழுத்தில் மாலை விழுந்துவிட்டால், அந்த ஆள் பாம்பு விழுந்த மாதிரி பதறி அதைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டுவிட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இருந்திருந்தால் யார் பின்பற்றியிருக்கப் போகிறார்கள்?

இப்பேர்ப்பட்ட நாட்டுக்கு ஒரே ஒரு மனக்குறை, உலகப் பாட்டுத் திருவிழா. வருஷாவருஷம் போவார்கள், வருஷாவருஷம் கடைசி இடம். குரல் சரியில்லை என்றார்கள் நடுவர்கள். பிறகு ஒரு காலம் வந்தது. குரலை எந்திரமே திருத்திவிடும், ராகத்தையும் எந்திரமே போட்டுவிடும் என்று ஆனபின் எல்லா நாட்டுப் பாட்டும் ஒரே மாதிரி இனித்தது. யாருக்குப் பரிசு கொடுப்பது என்று தெரியாமல் திருவிழாக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அப்போது வந்ததுதான் வளையம்.

வளையத்தைப் பற்றி வடிவுக்குச் சொன்னவள் ஜெசிந்தா. கலைத்துறையின் கருவி அதிகாரி. முப்பது வயதிருக்கும், பேசும்போது மூக்குக்கண்ணாடியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொள்வாள். செய்தி வந்த அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"பாடுறவங்க கழுத்துல இதைப் போடுவோம்க்கா," என்று ஒரு வெள்ளி வளையத்தை எடுத்துக் காட்டினாள். "பாட்டு ஆரம்பிச்சதும் அவங்க மனசுல எது ரொம்பப் பெரிசா இருக்கோ அதை இது பிடிச்சுக்கும். கேட்கிறவங்க காதுக்குப் பின்னால ஒரு பொட்டு ஒட்டியிருப்பாங்க. அது வழியா அதே உணர்ச்சி நூறு கோடிப் பேருக்கும் போகும். யாரோடது ஆளை உலுக்குதோ அவங்களுக்குப் புள்ளி."

"அப்போ பாட்டு?"

"பாட்டும் இருக்கும்க்கா, பின்னால."

"இவரைப் போய் எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "போன மாசம் ரேஷன் கடை வரிசையில எல்லாருக்கும் வளையம் போட்டு அளந்தோமே. முக்கால்வாசிப் பேருக்குப் பிரியாணிக்கா. கொஞ்சப் பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மேல பொறாமை, அது நல்ல அளவுதான், ஆனா போட்டிக்கு அனுப்ப நல்லாவா இருக்கும்? உங்க வீட்டுக்காரருக்குப் போட்டதும் மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போய் முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. மெஷின் போயிருச்சுன்னு ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதே. என்ன சார் நினைச்சீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'ஒண்ணும் நினைக்கலயே. வீட்டுக்காரி அந்தப் பக்கம் மீன்காரியோட சண்டை போட்டுக்கிட்டிருந்தா, பார்த்துக்கிட்டிருந்தேன்'னார்."

அன்றைக்கு மீன்காரியிடம் வடிவு பேசிய பேச்சு அவளுக்கே ஞாபகம் இருந்தது, அதில் நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஜெசிந்தா போனபின் கண்ணாடி முன்னால் நின்று தலையை ஒதுக்கிக்கொண்டாள். சாயங்காலம் பூக்காரியைக் கூப்பிட்டு ஒரு முழம் வாங்கினாள். தெருவே அவளைக் கேலி செய்து தீர்த்தது. "என்ன வடிவு, நாட்டு அன்பு முழுக்க நீயே சுருட்டிக்கிட்டியாமே, எங்களுக்கும் கொஞ்சம் விடக்கூடாதா?" என்று எதிர்வீட்டு மரியதங்கம் வாசலிலிருந்தே கத்தினாள்.

வடிவுக்கு அந்த வாரம் வேலையே ஓடவில்லை. வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள். மனுஷன் சாப்பிட்டார், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், எழுந்து போனார். முன்னெல்லாம் இதைப் பார்த்து "உப்பு உறைப்பு தெரியாத ஜென்மம்" என்று திட்டியிருப்பாள். இப்போது முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் இந்த முதுகுக்குள்ளா இருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம்.

அளவு பார்க்க மறுபடி வந்த ஜெசிந்தாவிடம் காப்பியை நீட்டிக்கொண்டே வடிவு சும்மா கேட்டாள். "ஏம்மா, இவர்கிட்டயிருந்து எடுத்து நூறு கோடிப் பேருக்கு அனுப்புவீங்களே, அப்புறம் அது திரும்ப ஊற எத்தனை நாள் ஆகும்?"

ஜெசிந்தா காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். மூக்குக்கண்ணாடி இறங்கியது, அதைத் தள்ளக்கூட இல்லை.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையாக்கா?"

"என்ன சொல்லலை?"

"ஒருத்தர் ரெண்டு பேருக்குன்னா நகல் எடுத்து அனுப்பலாம். நூறு கோடிப் பேருக்கு நகல் தாங்காது. மூலத்தையே கரைச்சு ஊத்தணும். அனுப்பினது அனுப்பினதுதான். போன வருஷம் ஒரு வாத்தியாரை அனுப்பினோமே, கோபத்துக்கு. அபாரமான கோபம்க்கா, ரெண்டு நாட்டுக்காரங்க பொட்டைப் பிடுங்கி எறிஞ்சாங்க. இப்ப அவர் வகுப்புல பசங்க பெஞ்சை உடைச்சாலும் 'நல்லா உடைங்கப்பா'ங்கறார்."

வடிவு அப்படியே அடுப்படி நிலையில் சாய்ந்தாள். பிறகு பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா வீட்டுக்குள்ள கிடந்தது போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் ஆசையா ஒரு தடவை கையில எடுத்துப் பார்க்கலை. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் ஊத்திட்டு வெறும் பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுப்பீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"நான் கருவி அதிகாரிதாங்க்கா," என்றாள் ஜெசிந்தா பாவமாக. "அமைச்சர்கிட்டத்தான் கேட்கணும்."

கேட்டாள். கலைத்துறை அமைச்சர் மாண்புமிகு கனகசுந்தரம் நல்ல நிறம், நல்ல தொந்தி, கழுத்தில் எந்நேரமும் மாலை விழத் தோதாகத் தலையைச் சற்றே முன்னால் நீட்டி வைத்திருப்பார். அவள் போன நேரம் விழா அழைப்பிதழில் தன் பெயர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அடிக்கோலால் அளந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நாட்டுக்காக உயிரையே கொடுத்தவங்க இருக்காங்க," என்றார். "உங்ககிட்ட உயிரையா கேட்டோம்? கொஞ்சம் பிரியம். அதுவும் உங்க பிரியம்கூட இல்ல, அவருடையது."

"என் மேல உள்ளதுங்க அது."

"அதனாலதான் உங்க பேரையும் நன்றியுரையில சேர்க்கச் சொல்லியிருக்கேன். கடைசியிலதான் வரும், ஆனா வரும்." இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அவர் மனமாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்தாள். "முடியாதுன்னு சொல்லுங்க."

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வீடு தேடி வந்து கேட்கிறாங்க. எப்படி இல்லைங்கிறது?"

"போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னாங்க."

"சொன்னாங்களா? சொல்லியுமா சரின்னீங்க?"

ஆவுடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்பினார். வடிவுக்கு அந்த நிமிஷம் அவர் மேல் வந்த ஆத்திரத்தை வளையத்தில் ஏற்றியிருந்தால் முனைத்தீவுக்கு முதல் பரிசு நிச்சயம். போய்விட்டுப் போகட்டும் என்று நினைக்கிறவனுடைய அன்பு என்ன அன்பு? முள் கடைசி வரை போய் முட்டினால்தான் என்ன?

இதற்கிடையில் ஏற்பாடுகள் ஜரூராக நடந்தன. பாட்டை எழுத ஒரு குழு போட்டார்கள். ஆளுக்கொரு வரி, அமைச்சருக்கு இரண்டு வரி. ஒத்திகையில் வளையத்தைப் பார்த்த அமைச்சர் முகம் சுளித்தார். "என்னய்யா இது, மாட்டுக்குக் கட்டுற பட்டை மாதிரி? உலகமே பார்க்கப்போவுது. நம்ம பண்பாடு என்னாகிறது?" உடனே பூ அலங்காரக் கலைஞர்கள் வந்தார்கள். வளையத்தின் மேல் ரோஜா, சம்பங்கி, ஜரிகை, நடுவில் பெரிய குஞ்சம் என்று கட்டிக்கொண்டே போனதில் அது முழங்கால் வரை தொங்குகிற அசல் மாலையாகிவிட்டது. உள்ளே கருவி இருப்பது ஜெசிந்தாவுக்கே தேடினால்தான் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. பாடுகிறவர் பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் நிற்கலாம் என்பது திருவிழா விதி. மற்ற நாட்டுக்காரர்கள் யார் மேல் அன்போ அவர்களையே நிறுத்துவார்கள். பெற்ற பிள்ளை, கட்டின மனைவி, வளர்த்த நாய்கூட நின்றிருக்கிறது. கண்ணெதிரே நின்றால் உணர்ச்சி கூடும் என்று ஜெசிந்தா எவ்வளவோ சொன்னாள். முனைத்தீவில் அமைச்சர் மேடையில் இல்லாமல் ஒரு நிகழ்ச்சி எப்படித் தொடங்கும்? அந்த இடம் கனகசுந்தரத்துக்குப் போயிற்று. வடிவுக்குத் திரை மறைவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்று முடிவானது.

திருவிழா ஒரு குளிர்நாட்டுத் தலைநகரில். முனைத்தீவிலிருந்து ஒரு விமானம் நிறைய ஆட்கள் போனார்கள். அதில் பாடுகிறவர் ஒருவர், பாராட்டுகிறவர்கள் மற்ற எல்லாரும். வடிவு இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காலில் காலுறையும் ரப்பர் செருப்புமாக, திரை மறைவில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவர்களுக்கு முந்தின முறை ஏதோ ஒரு பனிநாட்டுப் பெண்ணுக்கு. வெளுத்த தலைமுடி, இளவயசு. பக்கத்தில் அவளுடைய சின்ன மகள். அந்தப் பெண் பாடத் தொடங்கியதும் அரங்கம் முழுக்க விசும்பியது. காவலுக்கு நின்ற தடித்த ஆசாமிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வடிவு பொட்டு ஒட்டிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பலகையில் புள்ளிகள் விறுவிறுவென்று ஏறின, அதுவரை யாரும் தொடாத உயரத்துக்கு.

பாட்டு முடிந்து அந்தப் பெண் உள்ளே வந்தாள். மகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் குனிந்து பார்த்தாள், சிரித்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு தலை நிமிர்ந்து, இது யாருடையது, யாராவது வந்து கூட்டிப்போங்களேன் என்பதுபோல அங்குமிங்கும் பார்த்தாள். குழந்தை விடாமல் காலைப் பிடித்திருந்தது. அவர்கள் நாட்டு ஆட்கள் கொடியை ஆட்டிக்கொண்டு ஆடினார்கள்.

வடிவு எழுந்து ஓடினாள். ஆவுடையப்பன் பட்டுவேட்டியும் அங்கவஸ்திரமுமாக மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தாள், அந்தக் குளிரிலும் அவளுக்கு வியர்த்தது.

"வேண்டாங்க. பார்த்தீங்கல்ல அந்தப் பிள்ளையை? காய்ச்சல்னு சொல்லிடலாம். வயித்து வலின்னு சொல்லிடலாம். என்னங்க, நான் உங்ககிட்ட எதையாவது கேட்டிருக்கேனா? இதைக் கேட்கிறேன். எனக்குக் கொடுக்கலைன்னாலும் பரவாயில்ல, உள்ளேயே வச்சிருங்க. இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

அவர் அவளைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று அந்த முகத்திலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"நீ போய் உட்காரு," என்றார். "நிக்காத, கால் வலிக்கும்."

பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

வடிவு நாற்காலியில் வந்து விழுந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் ஒலித்தது. ஜெசிந்தா அருகில் வந்து குந்தினாள், உள்ளங்கையில் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு.

"அக்கா, ஒட்டிக்குங்க. எப்படியும் போகப்போவுது. ஒரு தடவையாவது அது எப்படி இருந்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்ல?"

அது நியாயம்தான் என்று பட்டது. நூறு கோடிப் பேருக்குக் கிடைக்கப்போவது அவளுக்கு மட்டும் கிடைக்காமல் போவானேன்? அழுகையை அடக்கிக்கொண்டு பொட்டை வாங்கிக் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது.

முதலில் கழுத்து அரித்தது. பிறகு நெஞ்சுக்குள் ஒரு பதைப்பு வந்து உட்கார்ந்தது. தன் பெயரை இன்னும் ஏன் சொல்லவில்லை என்ற பதைப்பு. பக்கத்தில் இருப்பவன் பெயரை முதலில் சொல்லிவிடுவார்களோ? நாற்காலி நடுவில்தான் போட்டிருக்கிறார்களா? மாலை வருகிறதா, வேறு பக்கம் போகிறதா? சொல்லுங்களேன், ஒரு தரம் என் பெயரைச் சொல்லித் தொலையுங்களேன் என்று வடிவுக்கு அடிவயிற்றிலிருந்து ஏக்கம் பொங்கியது. தலை தானாக முன்னால் நீண்டது.

அடப்பாவி மனுஷா, இதுவா? இத்தனை வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு இதுவா இருந்தது? அவளுக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எழுந்து திரையை விலக்கிப் பார்த்தாள்.

மேடை நடுவில் ஆவுடையப்பன் வெறும் கழுத்தோடு கையைக் கட்டிக்கொண்டு, எந்திரம் திருத்திய குரலில் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமைச்சர் கனகசுந்தரம். முழங்கால் வரை தொங்கும் மாலை அவர் கழுத்தில் இருந்தது, முகத்தில் அப்படியொரு திருப்தி.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள் ஜெசிந்தா. "கழட்டிப் போட்டுட்டாரு!"

பிறகு ஒளிப்பதிவில் எல்லாரும் பார்த்தார்கள். விழாக்காரப் பெண் மாலையை ஆவுடையப்பன் கழுத்தில் போடுகிறாள். அவர் ஒரு நொடி அமைச்சரைப் பார்க்கிறார். அமைச்சர் அந்த மாலையைப் பார்க்கிறார். ஆவுடையப்பன் சட்டென்று கழற்றி நீட்டுகிறார், அமைச்சர் குனிகிறார். உள்ளே கருவி இருப்பது அமைச்சருக்குத் தெரியாதா? அலங்காரம் செய்யச் சொன்னதே அவர்தான். ஆனால் எதிரே மாலை நீளும்போது குனியாமலிருக்க அவர் கழுத்துக்கு எங்கே தெரியும்?

அந்தப் பாட்டு முடிகிறவரை உலகத்தில் நடந்ததை என்னவென்று சொல்ல! நூறு கோடிப் பேர் தத்தம் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் பேர் தெரியாத நகரங்களில் ஜனங்கள் டி.வி. பெட்டியின் முன்னால் வந்து கழுத்தை நீட்டினார்கள். நேர்முக வர்ணனையாளர் பாட்டை விட்டுவிட்டுத் தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர்களில் இரண்டு பேர் யார் நடுவில் உட்காருவது என்று நாற்காலியைப் பிடித்து இழுத்தார்கள். பாட்டு முடிந்து ஓட்டுப் போடும் நேரம் வந்தபோது ஒரு கைகூட அசையவில்லை. தன்னை யாரும் மதிக்காதபோது அடுத்தவனுக்குப் புள்ளி போட எவனுக்கு மனசு வரும்? பலகையில் முனைத்தீவுக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது. திருவிழா தொடங்கிய நாளிலிருந்து யாரும் பூஜ்யம் வாங்கியதில்லை. முனைத்தீவேகூட வாங்கியதில்லை.

மேடையிலிருந்து இறங்கிய அமைச்சரிடம் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். "எனக்கெதுக்குங்க? அவங்க யாராவது பேசட்டும்," என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். கூட வந்த ஆட்கள் சிலருக்கு அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

ஊர் திரும்பிய மாதத்திலேயே அவர் பதவி போயிற்று. மேடை வேண்டாம் என்கிற அமைச்சரை வைத்துக்கொண்டு எந்த அரசாங்கம் என்ன செய்யும்? ஒருநாள் கடைத்தெருவில் அவர் மனைவியை வடிவு பார்த்தாள். "இப்பல்லாம் நான் பேசறதைக் கேட்கிறாரு," என்றாள் அந்த அம்மாள். சொல்லிவிட்டுத் தயங்கினாள். "ஆனா காலையில எழுந்ததும் என்ன செய்யறதுன்னு தெரியாம வாசல்ல நிக்கிறாரு. அவருக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு போல." வடிவுக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

இப்போது அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. வீட்டில் ஆவுடையப்பன் பழையபடியே இருந்தார். கால் நகம் வெட்டினார், தோசை தீய்கிறது என்றார். இருக்கிறதா, அந்த ஒரு நொடியில் வளையம் பட்டதில் கொஞ்சமாவது போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளந்து பார்க்கட்டுமா என்று ஜெசிந்தா கேட்டாள். "இனிமே அந்த எழவை என் வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டேன்," என்றாள் வடிவு.

பூஜ்யத்துக்கு யார் காரணம் என்று விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் மேடை போட்டு, ஆணையத் தலைவருக்கு மாலை மரியாதை முடிந்தபின் விசாரணை தொடங்கியது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மாலையைக் கழற்றாமலேயே கேட்டார்.

"ஆவுடையப்பன், அது வெறும் மாலையில்ல, உள்ள கருவி இருக்குன்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்கய்யா."

"பின்னே எதுக்கய்யா கழட்டி அமைச்சருக்குப் போட்டீர்? நாட்டு மானமே போச்சே."

ஆவுடையப்பன் கைகட்டி நின்றார். "அமைச்சரய்யா வெறுங்கழுத்தோட பக்கத்துல நிக்கிறாரு. நான் மாலையோட நிக்கலாங்களா? கை தானா போயிருச்சு. பழக்கதோஷம்ங்கய்யா."

மண்டபம் முழுக்க ஆமோதித்துத் தலையாட்டியது. ஆணைய உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதானே, வேற என்ன செய்ய முடியும்?" என்றார் ஒருவர். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றார் நீதிபதி. யார் மேலும் குற்றமில்லை, மேடை நாகரிகம் காப்பாற்றப்பட்டது என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. நன்றியுரை தொடங்கும்போது வடிவும் அவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

கடலோர ரோட்டில் நடந்தார்கள். உச்சி வெயில். அவர் வழக்கம்போல முன்னால், அவள் பின்னால். பழக்கதோஷம், பழக்கதோஷம் என்று வடிவின் மனசுக்குள் அந்த வார்த்தை நெருடிக்கொண்டே வந்தது. மேடை ஏறுகிறவர்களுக்கு அது பழக்கம், சரி. இந்த மனுஷன் எந்த மேடை ஏறினார்? டிக்கெட் கிழிக்கிறவருக்கு யார் மாலை போட்டார்கள்? அவள் அறிந்து அவர் கழுத்தில் ஒரே ஒரு தடவைதான் மாலை விழுந்திருக்கிறது. போட்டவள் அவளேதான். அன்றைக்கு இவர் பண்ணின அழும்பு லேசா? பந்தியில் பாயசத்துக்குள் பூ உதிர்ந்து விழ விழ மாலையோடுதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்தார். "கழட்டி வைடா" என்று பெரியவர்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள், காதில் வாங்கவில்லை. மறுநாள் வேலைக்கும் அதோடுதான் புறப்பட்டார். வாசலில் மறித்து அவருடைய அண்ணன்தான் பிடுங்கி வைத்தார்.

வடிவு எட்டி நடந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, பழக்கதோஷம்னு சொன்னீங்களே. உங்க கழுத்துல எத்தனை தடவைங்க மாலை விழுந்திருக்கு, பழக்கம் வர்றதுக்கு?"

அவர் நடையை நிறுத்தவில்லை.

"விழுந்த ஒரே ஒரு மாலையையும் நீங்க கழட்டவே மாட்டேன்னுட்டீங்களே!"

ஆவுடையப்பன் நின்றார். திரும்பி ரோட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"மெதுவாப் பேசு," என்றார். "ஆணையத்துக்காரங்க பின்னாலதான் வர்றாங்க."